ஏர் ஃபிரையரில் பீஃப் பாட் ரோஸ்ட்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

பாட் ரோஸ்ட் ஈரமும் பொறுமையும் கேட்கும் சமையல். மாட்டின் உடலில் நன்றாக உழைத்து இறுகிய பகுதியிலிருந்து பெரிய துண்டாக எடுத்து, கொஞ்சம் நீர் விட்டு, இறுக மூடி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவிட வேண்டும். ஏர் ஃபிரையர் உருவானதோ இதற்கு நேர் எதிரான வேலைக்காக. ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் அதை அறிமுகப்படுத்தியபோது உருளைக்கிழங்கு வறுவலைக் குறைந்த எண்ணெயில் மொறுமொறுப்பாக்குவதுதான் அதன் பெருமை. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதை ஒட்டி ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. சூடான காற்று வேகமாகச் சுழன்று, உணவின் மேலே இருக்கும் ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும்.

அதனால் இந்த இரண்டும் சேராது என்று அர்த்தமில்லை. நன்றாகவே சேரும். காற்று எப்போது வேண்டும், ஆவி எப்போது வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தால் போதும். முதல் கால் மணி நேரம் காற்றுக்கு, மீதி நேரம் முழுக்க ஆவிக்கு. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு குழம்பியதால் வருபவை. மற்றவை நேரத்தைச் சுருக்கியதால் வருபவை.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் அல்லவா.

ஒரு கிலோ முதல் 1.2 கிலோ வரையுள்ள சப்பைக் கறி, அதாவது தோள்பட்டைப் பகுதி. ஆறேழு சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். கிலோவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிராம் உப்பு தடவி, முடிந்தால் முந்தைய இரவே ஃபிரிட்ஜில் திறந்தபடி வைத்துவிடுங்கள். சமைக்கும்போது மேல் ஈரத்தைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, கூடையில் வைத்து 200 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட்டு வறுக்க வேண்டும். பிறகு கூடைக்குள் அடங்கும் ஆழமான பாத்திரத்தில் வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் கறியை வைத்து, 150 முதல் 200 மில்லி சூடான எலும்புச் சாறோ தண்ணீரோ ஊற்றி, அலுமினிய ஃபாயிலால் விளிம்பைச் சுற்றி இறுக மூடுங்கள். 150 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், சில துண்டுகளுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். காய்கறிகள் கடைசி 50 நிமிடத்தில். வெந்ததும் மூடியபடியே 20 நிமிடம் ஆறவிட வேண்டும்.

பாத்திரம் உலோகமாக இருக்கலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. இது மைக்ரோவேவ் இல்லை. கேக் டின், எவர்சில்வர் கிண்ணம் எல்லாம் தாராளமாக வைக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் இருக்கக்கூடாது. பாத்திரத்தைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும், காற்று கீழே இறங்க வழி வேண்டும்.

இனி, உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அதற்குப் போங்கள்.

“நேரம் முடிந்துவிட்டது, கறி இன்னும் ரப்பர் மாதிரி இருக்கிறது”

அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான். மிகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். கறி கடிபடவில்லை என்றதும் “ஐயோ, அதிகமாக வெந்துவிட்டது” என்று நினைத்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அது போதுமான அளவு வேகவில்லை.

சப்பைக் கறியின் நார்களுக்கு நடுவே வெள்ளையாக ஓடும் சவ்வைக் கவனித்திருப்பீர்கள். அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். கறியின் உட்சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது இந்தக் கொலாஜன் சுருங்கத் தொடங்கி, தசை நார்களை இறுக்கிப் பிழிகிறது. சாறு வெளியே வருகிறது, கறி முறுக்கேறுகிறது. 65 முதல் 75 டிகிரி வரையிலான கட்டம் பாட் ரோஸ்ட்டின் மிக மோசமான கட்டம்: பச்சையின் மென்மை போய்விட்டது, வெந்ததன் மென்மை இன்னும் வரவில்லை. 70ஐத் தாண்டினால்தான் அதே கொலாஜன் மெல்ல இளகி ஜெலட்டினாக மாற ஆரம்பிக்கும். 80க்கு மேல் இந்த வேலை வேகமெடுக்கும். 90 முதல் 96 டிகிரிக்குள் கொஞ்ச நேரம் நின்றால் சவ்வு கரைந்து, கறி வாயில் வழுக்கிக்கொண்டு போகும் பதத்துக்கு வரும்.

பெரிய மாட்டிறைச்சித் துண்டு 63 டிகிரி எட்டி மூன்று நிமிடம் இருந்தால் சாப்பிடப் பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. அது பாதுகாப்புக்கான எண், பதத்துக்கான எண் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலரது ரோஸ்ட் ரப்பராகவே மேசைக்கு வருகிறது.

சோதனை எளிது. முள்கரண்டியைக் கறியின் தடித்த இடத்தில் குத்தித் திருகுங்கள். கறி மொத்தமாகக் கரண்டியோடு சேர்ந்து திரும்பினால் இன்னும் வேலை இருக்கிறது. நார்கள் தனித்தனியாகப் பிரிந்து வழிவிட்டால் பதம் வந்துவிட்டது. தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் கடைசித் தீர்ப்பை முள்கரண்டியிடம் விடுங்கள், ஏனென்றால் 93 டிகிரி காட்டும் இரண்டு துண்டுகள் ஒரே மென்மையில் இருப்பதில்லை. வயதான மாட்டின் கொலாஜன் கரைய அதிக நேரம் எடுக்கும்.

சரிசெய்ய: பாத்திரத்தில் நீர் வற்றியிருந்தால் 100 மில்லி சூடான சாறு ஊற்றி, மறுபடி இறுக மூடி, அதே 150 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு குத்திப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு அரை மணி நேரம். அவசரப்பட்டு 200க்கு ஏற்றாதீர்கள். மூடிய பாத்திரத்துக்குள் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது, நீர்தான் சீக்கிரம் தீர்ந்துபோகும். பல கருவிகளில் டைமர் ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அது நின்றதை “வெந்துவிட்டது” என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. திரும்ப முடுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

விருந்தினர் வந்துவிட்டார்கள், இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க வழியில்லை என்றால் பிரஷர் குக்கர் காப்பாற்றும். கறியையும் சாற்றையும் மாற்றி, குக்கருக்குத் தேவையான குறைந்தபட்ச நீர் இருக்கிறதா என்று பார்த்து, அழுத்தம் ஏறிய பின் 20 முதல் 25 நிமிடம். உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்குவதால் கொலாஜன் மளமளவென்று கரைந்துவிடும். ஏர் ஃபிரையர் ஏற்கெனவே கொடுத்த வறுபட்ட மணம் எங்கும் போகாது.

“தெர்மாமீட்டர் 70இல் வந்து நின்றுவிட்டது, நகரவே மாட்டேன் என்கிறது”

கருவியில் கோளாறு இல்லை. கறி திறந்திருக்கிறது. மேற்பரப்பில் ஆவியாகும் நீர், உள்ளே போகும் சூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே வழியில்தான். விசிறி ஓடும் இடத்தில் இது இன்னும் பலமாக நடக்கும். மூடிவிட்டால் ஆவி வெளியேற இடமில்லை, எண் தானாக ஏறும். மூடியிருந்தும் நிற்கிறது என்றால் ஃபாயிலின் ஏதோ ஒரு மூலை தளர்ந்திருக்கிறது.

“வெந்தது வெந்துவிட்டது, ஆனால் சக்கையாக இருக்கிறது”

மேலே சொன்னதற்கும் இதற்கும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்தே வேறு. முள்கரண்டி தாராளமாக இறங்குகிறது, நார் பிரிகிறது, ஆனால் வாயில் போட்டால் கரும்புச் சக்கை போல உலர்ந்து கிடக்கிறது என்றால் மூன்று காரணங்களில் ஒன்று.

முதலாவது, கறியின் பகுதி. பின்னங்கால் தொடைக்கறி பார்க்க அழகாக, கொழுப்பே இல்லாமல், ஒழுங்கான வடிவத்தில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் பாட் ரோஸ்ட்டில் ஈரம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு கரைந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும்தான். 90 டிகிரியில் எந்தக் கறியிலும் சொந்த நீர் நிறைய வெளியேறியிருக்கும். அந்த இடத்தை நிரப்ப சப்பைக் கறியிடம் சரக்கு இருக்கிறது, நெஞ்சுக்கறியிடமும் இருக்கிறது. தொடைக்கறியிடம் குறைவு. தொடைதான் கையில் இருக்கிறது என்றால் பாட் ரோஸ்ட் ஆசையை விட்டுவிட்டு, 57 முதல் 60 டிகிரிக்குள் எடுத்து மெல்லிய வில்லைகளாக நறுக்கிச் சாப்பிடுவது நல்லது. அது 63க்குக் கீழே என்பதால் கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, மூடாமல் சமைத்தது. கூடையில் நேரடியாக வைத்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் எந்தப் பகுதியாக இருந்தாலும் வெளி இரண்டு சென்டிமீட்டர் காய்ந்துவிடும். “முதலில் வறுத்துவிட்டோமே, சாறு உள்ளே பூட்டிக்கொள்ளுமே” என்று சிலர் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக். பிற்காலச் சோதனைகள் அது சரியல்ல என்று காட்டிவிட்டன. வறுத்த கறியும் சாற்றை இழக்கத்தான் செய்கிறது. வறுப்பது மணத்துக்கும் நிறத்துக்கும், ஈரத்துக்கு மூடிதான்.

மூன்றாவது, உண்மையாகவே நேரம் கடந்துபோனது. நான்கு மணி நேரம் விட்டால் ஜெலட்டினும் குழம்புக்குள் இறங்கிவிடும், நார் மட்டும் மிஞ்சும்.

போன ஈரத்தை மீண்டும் நாருக்குள் செலுத்த முடியாது. ஆனால் வீணாக்க வேண்டிய அவசியமும் இல்லை. கறியைச் சூடாக இருக்கும்போதே உதிர்த்து, பாத்திரத்துச் சாற்றில் ஒரு கரண்டி வெண்ணெயோ கொழுப்போ சேர்த்து, அதில் பிரட்டி, மூடி பத்து நிமிடம் வையுங்கள். ஒவ்வொரு நாரையும் குழம்பு சுற்றிக்கொள்ளும்போது வறட்சி தெரியாது.

“மேலே கரி, நடுவில் பச்சை”

கம்பிச்சுருள் மேலேதான் இருக்கிறது, அதுவும் மிக அருகில். சாதாரண ஓவனில் கறிக்கும் சூட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் இங்கே கிடையாது. கறியின் உச்சிக்கும் சுருளுக்கும் நடுவே நான்கைந்து சென்டிமீட்டராவது வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் துண்டை இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முழுத் துண்டாகத்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இந்தக் கருவியில் உதவாது. ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் எதையும் வெட்டாமல் கூடை வகை ஏர் ஃபிரையரில் வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஓவனுக்காக எழுதிய குறிப்பை வைத்துச் சமைத்தீர்கள் என்றால் வெப்பத்தை 10 முதல் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் கலந்த மேல்பூச்சு இருந்தால் அதை வறுக்கும் கட்டத்தில் தடவக் கூடாது. சர்க்கரை சீக்கிரம் கருகிக் கசக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் தடவினால் போதும்.

கறி ஃபிரீஸரிலிருந்து நேராக வந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஒரு கிலோத் துண்டு ஃபிரிட்ஜில் உருக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். நடுப்பகுதி கல்லாக இருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இப்போது ஏற்கெனவே கருகிவிட்டது என்றால், கரியை மட்டும் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, சாறு ஊற்றி மூடி, மூடிய கட்டத்தை ஆரம்பத்திலிருந்து நடத்துங்கள். கருகலோடு மூடினால் அந்தக் கசப்பு குழம்பு முழுவதும் பரவும்.

“நிறமே வரவில்லை, அவித்த கறி போல வெளுத்துக் கிடக்கிறது”

மேற்பரப்பு ஈரமாக இருந்திருக்கிறது. ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தரும் வேதிவினை வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மேயாரின் பெயராலேயே அது மேயார் வினை எனப்படுகிறது. ஆகவே துடையுங்கள், காகிதத் துண்டு நனையாமல் வரும்வரை துடையுங்கள். ஊறவைத்த மசாலா தளதளவென்று இருந்தால் வழித்து எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு குழம்பில் சேருங்கள். கருவியை ஐந்து நிமிடம் வெறுமையாகச் சூடாக்கிவிட்டுக் கறியை வைப்பதும் நல்ல பலன் தரும்.

வறுக்கும் கட்டத்தில் வெங்காயம், காரட் எல்லாவற்றையும் கூடையில் சேர்த்து அடைப்பது இன்னொரு காரணம். அவை விடும் நீர் கறியை அவித்துவிடும்.

சமைத்து முடித்த பிறகுதான் கவனித்தீர்களா? கறியைச் சாற்றிலிருந்து எடுத்து, துடைத்து, கொஞ்சம் கொழுப்பு தடவி, திறந்தபடி 200 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நிமிடம். நிறம் வந்துவிடும். முதலிலேயே வறுத்தால் குழம்புக்கும் அந்த மணம் இறங்கும், இதில் இறங்காது, அதுதான் வித்தியாசம்.

“புகை வருகிறது”

வெள்ளைப் புகை என்றால் கறியிலிருந்து சொட்டிய கொழுப்பு கீழ்த்தட்டில் விழுந்து எரிகிறது. வறுக்கும் 15 நிமிடத்தில்தான் இது வரும். கறியின் வெளியே தடித்திருக்கும் கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டுச் சீவிவிடுங்கள். கூடைக்குக் கீழே இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் ஊற்றி வைத்தால் விழும் கொழுப்பு எரியாது. உங்கள் கருவியின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், எல்லாக் கருவிகளின் அமைப்பும் ஒன்றல்ல. போன தடவைச் சமையலின் எண்ணெய்ப் பிசுக்கு சுருளில் ஒட்டியிருந்தாலும் புகையும். கருவி முழுவதும் ஆறிய பின் தலைகீழாகத் திருப்பி, ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் யோசிக்க நேரமில்லை. உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். புகை அடங்கும்வரை கூடையை இழுக்காதீர்கள். திறந்தால் உள்ளே காற்று புகுந்து தீ பெரிதாகும். எரியும் கொழுப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

“உள்ளே ஏதோ படபடவென்று அடிக்கிறது”

ஃபாயில் கிளம்பிவிட்டது. விசிறியின் இழுப்பில் மெல்லிய தாள் மேலே போய்ச் சுருளில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி, பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே நன்றாக மடித்து அழுத்துங்கள். ஃபாயிலை இரண்டடுக்காகப் போட்டால் விறைப்பாக நிற்கும். பேக்கிங் காகிதம் போட்டிருந்தால் அதன்மேல் எடை இருக்க வேண்டும். வெறும் காகிதத்தோடு கருவியைச் சூடாக்குவது தீப்பிடிக்க வழி. தக்காளியோ வினிகரோ சேர்த்த குழம்பு ஃபாயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால் தாளில் ஓட்டை விழும், உலோகச் சுவையும் ஏறும். கறிக்கும் ஃபாயிலுக்கும் நடுவே இடைவெளி விட்டு மூடுங்கள்.

“சாறு வற்றி அடிப்பிடித்துவிட்டது” அல்லது “தண்ணீராக ஓடுகிறது”

வற்றியது என்றால் மூடி சரியில்லை. அளவான 200 மில்லி, நன்றாக மூடிய பாத்திரத்தில் குறையாது. கறி விடும் நீரோடு சேர்ந்து கூடத்தான் செய்யும். வாய் அகன்ற, ஆழமில்லாத தட்டும் காரணமாக இருக்கலாம். கறி பாத்திரத்தை ஏறக்குறைய நிறைக்கும் அளவுக்குச் சின்னப் பாத்திரமாக எடுங்கள். அடிப்பிடித்தது வெறும் பழுப்பா கரியா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். பழுப்பு என்றால் அது பொக்கிஷம்: சூடான நீர் விட்டுச் சுரண்டிக் குழம்பாக்குங்கள். கசந்தால் சுரண்டாமல் கறியை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தண்ணீராக ஓடுவது கோளாறே இல்லை. மூடிச் சமைத்தால் அப்படித்தான் இருக்கும். கறியை எடுத்து ஆறவிடும் 20 நிமிடத்தில் சாற்றை அடுப்பில் சுண்ட வையுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். கெட்டியாக வேண்டும் என்றால் 250 மில்லி சாற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும்போது ஊற்றிக் கிளறினால் ஒரு நிமிடத்தில் கெட்டிப்படும். ஏர் ஃபிரையருக்குள்ளேயே திறந்து வைத்துச் சுண்ட வைக்கப் பார்க்காதீர்கள். கறியின் மேல்புறம் காயும், சாறு சரியாகக் கொதிக்கவும் செய்யாது.

உப்புக் கரிக்கிறது என்றால் சுண்ட வைப்பதற்கு முன்பே உப்பு போட்டுவிட்டீர்கள். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது உப்புநீரைத்தான் இழுக்கும். மிச்சமிருக்கும் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத சாறோ நீரோ சேர்த்து நீர்க்கச் செய்து, தேவைப்பட்டால் மாவால் கெட்டியாக்குவதுதான் வழி.

“காரட் குழைந்துவிட்டது” அல்லது “உருளைக்கிழங்கு வேகவே இல்லை”

குழைந்தால் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். கறிக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும், நான்கு சென்டிமீட்டர் காரட் துண்டுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். அடியில் போட்ட வெங்காயம் கரைந்துபோவது வேறு விஷயம், அது குழம்புக்குப் போட்டது.

வேகாமல் நிற்பதற்கு, பலர் யோசிக்காத காரணம் புளிப்பு. காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பான நீரில் எளிதில் இளகாது. தக்காளி, வினிகர், ஒயின் ஏதாவது தாராளமாகச் சேர்த்த குழம்பில் உருளைக்கிழங்கு ஒரு மணி நேரம் கழித்தும் கடினமாக நிற்கலாம். அப்படியான குழம்பு என்றால் காய்களைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். அல்லது என் விருப்பமான முறை: கறி வெந்து பாத்திரம் வெளியே ஆறும்போது, காலியான கூடையில் உருளைக்கிழங்கையும் காரட்டையும் எண்ணெயில் பிரட்டி 190 டிகிரியில் 20 நிமிடம் வறுத்துவிடுவது. கருவி தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்கிறது, காய் ஓரம் முறுகி வருகிறது, கறி ஆறும் நேரமும் வீணாகவில்லை.

“வெட்டினால் சிவப்பு நீர் வருகிறது”

அது இரத்தம் அல்ல. தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமி கலந்த நீர். ஆனால் பாட் ரோஸ்ட்டில் அது தெரிகிறது என்றால் உட்சூடு தேவையானதில் பாதித் தூரம்தான் வந்திருக்கிறது. முதல் புகாருக்குப் போய் அதன்படி செய்யுங்கள்.

“நன்றாக வெந்தது, ஆனால் மெல்லும்போது நூல் நூலாக வருகிறது”

கத்தி போன திசை தவறு. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். சப்பைக் கறியில் இரண்டு மூன்று தசைகள் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றின் நாரும் வேறு வேறு பக்கம் ஓடும். ஆகவே முதலில் அந்தத் தசைகளைக் கையால் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாகக் குறுக்கே நறுக்குங்கள். சமைக்கும் முன்பே நார் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் வெந்த பிறகு தேட வேண்டாம்.

வில்லையாக வராமல் உதிர்ந்து போகிறதென்றால் சூடு ஆறவில்லை. ஒழுங்கான வில்லைகள் வேண்டுமானால் குழம்போடு ஃபிரிட்ஜில் ஓரிரவு வைத்து, மறுநாள் குளிர்ந்த நிலையில் நறுக்கி, பிறகு சூடுபடுத்துங்கள். சுவையும் மறுநாள் கூடியிருக்கும்.

“நடுவில் கருவி நின்றுவிட்டது”

கூடை முழுதாக உள்ளே தள்ளப்படாவிட்டால் ஓடாது. மூடிய ஃபாயிலின் விளிம்பு எங்காவது இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது சூடு: சுவரை ஒட்டி வைத்திருந்தால் பின்னால் வெளியேற வேண்டிய காற்று அடைபட்டு, மூன்று மணி நேர ஓட்டத்தில் பாதுகாப்பு அமைப்பு நிறுத்திவிடும். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். பொதுவாக 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும் கருவி என்பதால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது. நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். நின்றதைக் கவனிக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி வெதுவெதுப்பாகக் கிடந்திருந்தால் மறுபடி சமைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

“மறுநாள் சூடுபடுத்தினால் காய்ந்துபோகிறது”

வெறும் கூடையில் வைத்துக் காற்றில் சூடாக்கினால் நேற்று மூடி வைத்துக் காத்த ஈரம் இன்று பத்து நிமிடத்தில் போய்விடும். வில்லைகளைக் குழம்பு மூழ்கும்படி சின்னப் பாத்திரத்தில் அடுக்கி, மூடி, 150 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், நடுவில் 74 டிகிரி எட்டும்வரை. மீதிக் கறியைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். நான்கு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் முதல் நாளே குழம்போடு சேர்த்து ஃபிரீஸரில் போட்டுவிடலாம். குழம்பு இல்லாமல் கறியை மட்டும் உறையவைத்தால் ஓரமெல்லாம் வெளுத்து உலர்ந்துவிடும்.